வானத்துக்கு ஒரு பொதுப் பதிவேடு

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171 விமானம் ஒரு நிமிடம்கூடப் பறக்காமல் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு தகவல்கள் தொலைக்காட்சிகளிலும் கைப்பேசிகளிலும் பரவிவிட்டன. விமானம் 625 அடி உயரம் எட்டியபின் விழுந்தது என்பது ஒன்று. ஓடுபாதையின் முழு நீளத்தையும் பயன்படுத்தாமல் நடுவிலிருந்தே ஓடத் தொடங்கியது என்பது இன்னொன்று. இரண்டுமே விமானங்களின் தடத்தை வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தின் தரவிலிருந்து எடுக்கப்பட்டவை. தரவில் பிழை இல்லை, வாசித்தவர்கள்தான் பிழையாக வாசித்தார்கள்.

625 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் விவரங்களை வானலையில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் அறிவிக்கும் உயரம் தரையிலிருந்து அளந்தது அன்று. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்ட உயரம் அது. ஜூன் மாத குஜராத்தில் அழுத்தம் வழக்கமாக இதைவிடக் குறைவாகவே இருக்கும். பத்து ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கருவி ஏறத்தாழ 280 அடியைக் கூட்டிச் சொல்லும். அகமதாபாத் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் 625 அடியில் எஞ்சுவது ஒரு சாதாரண மாடிக் கட்டடத்தின் உயரம்தான். அந்தத் தளம் தன் முதல் அறிவிப்பிலேயே நிலையத்தின் உயரத்தையும் சேர்த்தே குறிப்பிட்டிருந்தது. பரவியபோது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிட்டது.

ஓடுபாதைக் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. வரைபடத்தில் விமானத்தின் தடம் ஓடுபாதையின் நடுவில் தொடங்கியது உண்மை. விமானம் அங்கிருந்து கிளம்பியது அதற்குக் காரணமன்று. அதற்கு முன்பு அது அனுப்பிய சமிக்ஞைகளைக் கேட்கும் தொலைவில், தடையில்லாத இடத்தில், போதிய ரிசீவர்கள் இல்லை. கூடுதல் தரவைப் பரிசீலித்த பிறகு, விமானம் ஓடுபாதையின் கோடிவரை சென்று திரும்பி, முழு நீளத்தையும் பயன்படுத்தியே ஓடியது என்று ஃபிளைட்ரேடார்24 விளக்கம் தந்தது. அதற்குள் விமானிகள்மீது ஒரு பழி ஏறிவிட்டது.

இந்த வரைபடத்தைப் பார்க்கும் பலருக்கு இது ஏதோ அரசு ரேடாரின் கண் என்ற எண்ணம் உண்டு. பெரும்பகுதி அப்படியில்லை. யாரோ ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கம்பியை வீட்டுக்குள் இழுத்து, ஒரு சின்னக் கணினியில் செருகி, தன் மின்சாரத்திலும் தன் இணைய இணைப்பிலும் இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறார். இவர்களுக்கு இத்துறையில் 'ஃபீடர்' என்று பெயர். இப்படிப் பல்லாயிரம் பேர் சேர்ந்ததுதான் அந்த வரைபடம். இவர்களின் உழைப்பிலிருந்து என்ன கிடைத்தது, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளை விமான ஆர்வலர்களோடு நிறுத்திவிடாமல் நாம் எல்லோரும் கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ஆன்டெனா எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். ரேடார் அலையை அனுப்பி, எதிரொலியை வாங்கி, விமானத்தைத் தேடும். ஏடிஎஸ்-பி என்னும் முறையில் தேடுவதற்கே வேலையில்லை. விமானம் செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தைத் தானே அறிந்து, 1090 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஊரறியச் சொல்லிக்கொண்டே போகிறது. இடத்தையும் வேகத்தையும் வினாடிக்கு இரண்டு முறை சொல்கிறது, பயண எண்ணை ஐந்து வினாடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு செய்தியும் 112 பிட் நீளம். செய்தியின் வகைக்கு 5 பிட், கருவியின் திறனுக்கு 3, விமானத்தின் அடையாளத்துக்கு 24, சொல்ல வந்த விஷயத்துக்கு 56, பிழை கண்டறிய 24. முன்னொலியையும் சேர்த்து இவ்வளவும் ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான நேரத்தில் முடிந்துவிடும். அந்த 24 பிட் அடையாளங்கள் நாடுகளுக்குப் பகிர்ந்து தரப்பட்டவை. பதினாறின் அடுக்கு எண்முறையில் எழுதினால் 80 முதல் 83 வரை தொடங்குபவை இந்தியாவில் பதிவான விமானங்கள்.

இந்தச் செய்திகளில் மறைகுறியாக்கம் கிடையாது. அலட்சியத்தால் அப்படி விடப்படவில்லை. எதிரே வரும் விமானமும் எந்த நாட்டுக் கட்டுப்பாட்டு நிலையமும் அதே செய்தியைக் கேட்டுப் புரிந்துகொண்டால்தான் மோதல் தவிரும். பாதுகாப்புக்காகவே திறந்து வைத்த செய்தி இது. அமெரிக்கா 2020 ஜனவரி 1 முதல் தன் வான்வெளியின் பெரும்பகுதியில் இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் அதே ஆண்டு டிசம்பரில் விதி நடைமுறைக்கு வந்தது.

கேட்பதற்கான கருவி மட்டும் நெடுங்காலம் எட்டாத விலையில் இருந்தது. 2005 வாக்கில் ஆர்வலர்களுக்கென்று வந்த முதல் ரிசீவர்களுக்குப் பல நூறு பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. 2012-இல் நிலைமை தலைகீழானது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக ரியல்டெக் சில்லைக் கொண்டு செய்து விற்கப்பட்ட, இருபது டாலர் அளவிலான ஒரு யுஎஸ்பி டாங்கிள், வேறு அலைகளையும் பச்சையாகக் கணினிக்குள் கொட்டித்தரும் என்பதை லினக்ஸ் நிரலாளர்கள் கண்டுகொண்டார்கள். ரெடிஸ் தரவுத்தளத்தை எழுதிய இத்தாலிய நிரலாளர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ, அந்த டாங்கிளிலிருந்து விமானச் செய்திகளைப் பிரித்தெடுக்கும் 'டம்ப்1090' என்ற நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். இன்றும் ஃபீடர்களின் கணினிகளில் பெரும்பாலும் ஓடுவது அதன் வழித்தோன்றல்கள்தான். ஆன்டெனாவைக் கையாலேயே செய்யலாம். இந்த அலையின் நீளம் இருபத்தேழரை சென்டிமீட்டர், அதில் கால் பங்கு, ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு செம்புக் கம்பி போதும். இடம் உயரமாகவும் சுற்றிலும் மறைப்பின்றியும் இருந்தால், முப்பத்தையாயிரம் அடியில் பறக்கும் விமானத்தை 400 கிலோமீட்டர் தள்ளியும் கேட்கலாம். ஆயிரம் அடியில் பறந்தால் அது 70 கிலோமீட்டராகச் சுருங்கும். தரையில் நகரும் விமானமென்றால் ஒரு கட்டடம் குறுக்கே நின்றாலே ஒலி அடங்கிவிடும். பூமியின் வளைவும் மறைப்புகளும் போடும் கணக்கு இது. அகமதாபாத்தில் தடம் பாதியில் தொடங்கியதன் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

தன் இடத்தைச் சொல்லாத பழைய டிரான்ஸ்பாண்டர்களையும் தன்னார்வலர்கள் விட்டுவிடவில்லை. ஒரே துடிப்பு நான்கு வீடுகளின் ஆன்டெனாக்களுக்கு வெவ்வேறு கணத்தில் வந்து சேரும். ஒரு மைக்ரோ வினாடி வேறுபட்டால் தொலைவில் 300 மீட்டர் வேறுபாடு. அந்த நேர வேறுபாடுகளைக் கொண்டு விமானம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இராணுவ விமானங்கள் பல இவ்வாறே வரைபடத்துக்கு வருகின்றன. தனியாக ஒரு ரிசீவர் வைத்திருப்பவரால் இது முடியாது. ஒருவரையொருவர் பார்த்தேயிராத நாலு பேர் தத்தம் ஆன்டெனாவின் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அறிவித்து ஒத்துழைத்தால்தான் நடக்கும். இப்படி வீட்டின் இடத்தைத் தருவதே ஒரு நம்பிக்கை. வலையமைப்புகள் பொதுப் பார்வைக்கு அதை மங்கலாக்கித்தான் காட்டுகின்றன.

ஃபிளைட்ரேடார்24-ஐ 2006-இல் ஸ்வீடனில் இரண்டு விமான ஆர்வலர்கள் தொடங்கினார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை வெடித்து ஐரோப்பிய வானம் வெறிச்சோடியபோது உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் ஃபிளைட்அவேர் இன்னொரு பெரிய நிறுவனம். தரவு தருபவர்களுக்கு இவை கட்டணச் சந்தாவை இலவசமாகத் தருகின்றன. ஆய்வுக்கென்றே அமைந்தது ஓப்பன்ஸ்கை. சுவிஸ் பாதுகாப்புத் துறையின் ஆர்மாசுவிஸ், ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2012-இல் தொடங்கிய திட்டம், பிறகு இலாப நோக்கற்ற சங்கமானது. கொரோனா முடக்கத்தின்போது விமானப் போக்குவரத்து எவ்வளவு சரிந்தது என்பதை அது திறந்த தரவாக வெளியிட, தொற்று ஆய்வாளர்களும் பொருளியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பச்சைத் தரவை அப்படியே சேமித்து வைப்பதன் மதிப்பை 2015 மார்ச் 24 காட்டியது. பார்சிலோனாவிலிருந்து டூசல்டார்ஃப் சென்ற ஜெர்மன்விங்ஸ் 9525, 150 பேருடன் பிரெஞ்சு ஆல்ப்ஸில் மோதியது. வரைபடத்தில் எல்லோரும் கண்டது ஒரு சீரான இறக்கம் மட்டுமே. காற்றழுத்தம் போயிற்றா, விமானிகள் மயங்கினார்களா, கருவி கெட்டதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஃபிளைட்ரேடார்24 ஊழியர்கள் சேமிப்பிலிருந்த மூலச் செய்திகளுக்குத் திரும்பிப் போனார்கள். சில விமானங்கள் தாம் இருக்கும் உயரத்தோடு, தானியங்கி ஓட்டிக்கு விமானி நியமித்துக் கொடுத்த உயரத்தையும் அனுப்புகின்றன. சாதாரணமாக யாரும் அந்தப் புலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்த்தபோது, 38,000 அடி என்றிருந்த இலக்கு மூன்றே வினாடிகளுக்குள் ஏறக்குறைய 100 அடியாக மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. அந்த இடத்தில் மலைகள் ஆயிரக்கணக்கான அடி உயரம். துணை விமானி வேண்டுமென்றே இறக்கினார் என்று பிரெஞ்சு அரசு வழக்கறிஞர் அறிவித்த அதே மார்ச் 26-இல் இந்த எண்ணும் வெளியாயிற்று. விபத்தின் பறப்புப் பதிவுப் பெட்டி அப்போது விசாரணையாளர் கைக்கு வந்திருக்கவில்லை. பின்னர் கிடைத்த அந்தப் பெட்டி, 100 அடி என்பதை உறுதி செய்தது. அன்று அந்த வழியில் ஆன்டெனா வைத்திருந்த யாரும் இப்படியொரு சான்றைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் வரலாறு இந்தக் கருவிகளுக்கெல்லாம் முந்தியது. 2001 அக்டோபரில் கராச்சி விமான நிலையத்தில் ஒரு யேமன் நாட்டு மாணவர் அமெரிக்கர்களிடம் ஒப்படைக்கப்பட்டதையும், அவரைக் கொண்டுபோன விமானத்தின் பதிவெண்ணையும் பாகிஸ்தான் பத்திரிகையாளர் மசூத் அன்வர் செய்தியாக வெளியிட்டார். அதே எண்ணை ஐரோப்பிய விமான நிலைய வேலிகளுக்கு வெளியே நின்று, தொலைநோக்கியும் குறிப்பேடுமாகப் பொழுதைப் போக்கிய ஆர்வலர்கள் வேறு வேறு நாட்களில் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டீபன் கிரே போன்ற பத்திரிகையாளர்கள் இந்தக் குறிப்புகளைக் கோத்துத்தான் சிஐஏவின் இரகசியக் கைதிக் கடத்தல்களின் வழித்தடத்தை வரைந்தார்கள். ஐரோப்பிய மன்றத்துக்காக டிக் மார்ட்டி 2006-இல் அளித்த அறிக்கைக்கும் விமானப் பயணப் பதிவுகளே முதுகெலும்பு.

பத்தாண்டு கழித்து அதே வேலையைக் கணினி செய்தது. பஸ்ஃபீட் நியூஸின் பீட்டர் ஆல்டஸ், சார்லஸ் சைஃப் இருவரும் ஃபிளைட்ரேடார்24 தரவில் 2015-இன் பிற்பாதியை ஆராய்ந்து, எஃப்பிஐயும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் இயக்கிய சுமார் 200 விமானங்கள் அமெரிக்க நகரங்களுக்குமேல் வட்டமிட்டதை 2016 ஏப்ரலில் வெளியிட்டார்கள். எஃப்பிஐயின் சிறு விமானங்கள் பல பெயருக்கு மட்டும் இருக்கும் நிறுவனங்களின் பேரில் பதிவாகியிருந்தன. பதிவேட்டில் பெயரை மாற்றலாம், பறக்கும் விதத்தை மாற்ற முடியாது. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்த தடங்கள் காட்டிக்கொடுத்தன. வார இறுதிகளில் இந்தப் பறப்பு பெரிதும் குறைந்தது என்பதும் அதில் வெளிவந்தது. அலுவலக நாட்களில் மட்டும் மும்முரமாக நடக்கும் கண்காணிப்புக்கு அவசர ஆபத்து என்ற காரணம் எவ்வளவு பொருந்தும் என்று மக்கள் கேட்க முடிந்தது.

இலங்கைத் தமிழர்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜூலை 13-இல் அதிபர் கோத்தபய ராஜபக்ச விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குத் தப்பினார். மறுநாள் அவர் மாலேயிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சவூதியா 788-தான் அந்த நேரத்தில் ஃபிளைட்ரேடார்24-இல் உலகிலேயே அதிகம் பேர் பின்தொடர்ந்த விமானம். மூன்று வாரம் கழித்து அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைத் தலைவர் நான்சி பெலோசி தைவான் சென்ற விமானத்தை 29 லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். தென்சீனக் கடலை நேராகக் கடக்காமல் போர்னியோ பக்கமாகச் சுற்றி, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே ஏறிய அந்தத் தடத்தை உலகம் நேரடியாகக் கண்டது.

எதிர்பாராத இன்னொரு பயன் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. விமானம் தன் இடத்தைச் சொல்லும்போது, அந்த இடம் எவ்வளவு நம்பகமானது என்பதையும் ஓர் எண்ணாகச் சொல்கிறது. கீழே யாராவது ஜிபிஎஸ் அலையை முடக்கினால் அந்த எண் சரியும். அமெரிக்க நிரலாளர் ஜான் வைஸ்மன் 2022-இல் தொடங்கிய ஜிபிஎஸ்ஜாம் வரைபடம் இதைத்தான் பயன்படுத்துகிறது. உலகை அறுகோணங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட விமானங்கள் குறைந்த துல்லியம் சொன்னால் சிவப்பு. பால்டிக் கடற்கரை, கருங்கடல், கிழக்கு மத்தியதரைக் கடல் என்று போர்களின் ஓரங்கள் சிவப்பாகத் தெரிகின்றன. எந்த இராணுவமும் அறிவிக்காத ஒன்றை, தம் வழியே போகும் பயணிகள் விமானங்கள் அறிவித்துவிடுகின்றன. 2024 டிசம்பர் 25-இல் பாகுவிலிருந்து ரஷ்யாவின் குரோஸ்னிக்குச் சென்ற அசர்பைஜான் ஏர்லைன்ஸ் விமானம் காஸ்பியன் கடலைக் கடந்து கஜகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்து 38 பேர் இறந்தார்கள். பறவை மோதியதாக ரஷ்ய வான்போக்குவரத்துத் துறை முதலில் சொன்னது. குரோஸ்னி அருகே கடும் ஜிபிஎஸ் முடக்கத்துக்கு விமானம் ஆளானதையும், கடைசிக் கட்டத்தில் அதன் உயரம் ஏறி இறங்கித் தத்தளித்ததையும் ஃபிளைட்ரேடார்24 அன்றே வெளியிட்டது. ரஷ்ய ஏவுகணைகள் அருகில் வெடித்ததைப் புதின் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2025 அக்டோபர் ஆயிற்று. விழுந்த காரணத்தை ஏடிஎஸ்-பி தரவு நிரூபிக்கவில்லை, அதற்கு விசாரணை வேண்டும். ஆனால் அவசர விளக்கம் ஒன்று கேள்வியில்லாமல் நிலைபெறுவதை அது தடுத்தது.

இந்தத் தரவைப் பொய்யாக்கவும் முடியும். செய்தியில் கையொப்பம் எதுவும் இல்லாததால், இல்லாத விமானத்தை இருப்பதாக அலையில் காட்டலாம் என்று ஆந்திரே கோஸ்தினும் ஒரெலியன் ஃபிரான்சியோனும் 2012 பிளாக் ஹாட் மாநாட்டில் விளக்கினார்கள். இதற்கும் மருந்து தன்னார்வலர் பெருக்கமே. ஒரு செய்தியைத் தொடர்பில்லாத ஐந்து வீடுகள் கேட்டிருந்து, வந்து சேர்ந்த நேரங்களும் கணக்கோடு பொருந்தினால் பொய் நிற்காது. ஒரே ஒரு ரிசீவர் சொல்வதை ஒரு சாட்சியின் வாக்குமூலமாக மட்டுமே கொள்ள வேண்டும். வரைபடங்கள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஐந்து பேர் கேட்ட தடமும் ஒருவர் கேட்ட தடமும் ஒரே நிறக் கோடுதான். இது சரிசெய்ய வேண்டிய குறை. அகமதாபாத்தில் தடம் தொடங்கிய இடத்துக்கு முன்னால் 'இங்கே கேட்க ஆளில்லை' என்று வரைபடமே குறித்திருந்தால், அந்த வதந்திக்குக் கால் முளைத்திருக்காது.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். விமான உரிமையாளர் கேட்டுக்கொண்டால் அவர் விமானத்தைக் காட்டாமல் மறைக்கும் பட்டியல் ஒன்றை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ வைத்திருக்கிறது. அதன் தரவை வாங்கும் தளங்கள் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் இரண்டும் கட்டுப்படுகின்றன. 2016-இல் டான் ஸ்ட்ரூஃபர்ட் தொடங்கிய ஏடிஎஸ்பி எக்ஸ்சேஞ்ச், எஃப்ஏஏவிடம் எதுவுமே வாங்காமல் ஃபீடர்களை மட்டும் நம்பி நின்றது. அதனால் எதையும் மறைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் அதை நாடினார்கள். சர்வாதிகாரிகளின் விமானங்களை ஜெனீவாவில் கண்காணிக்கத் தொடங்கிப் பின்னர் விரிந்த 'டிக்டேட்டர் அலர்ட்' அதன் தரவைப் பயன்படுத்தியது, ஈலான் மஸ்கின் விமானத்தைப் பின்தொடர்ந்த ஜாக் ஸ்வீனியின் கணக்கும் அப்படியே. மறைக்காத தளம் என்ற அந்தப் பெயருக்காகவே பல்லாயிரம் பேர் தங்கள் தரவை அங்கே கொடுத்தார்கள்.

2023 ஜனவரியில் ஏடிஎஸ்பி எக்ஸ்சேஞ்ச், தனியார் முதலீட்டு நிறுவனத்தின் பின்பலம் கொண்ட ஜெட்நெட் என்னும் வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கொடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. கோபமடைந்த ஃபீடர்கள் பலர் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு வெளியேறினார்கள். தளத்தை உருவாக்கி நடத்த உதவியவர்களில் சிலரும் அவர்களோடு சேர, ஏடிஎஸ்பி டாட் லோல், ஏடிஎஸ்பி டாட் எஃப்ஐ, ஏர்பிளேன்ஸ் டாட் லைவ் என்று புதிய வலையமைப்புகள் எழுந்தன. வாங்கியவர்கள் மறைக்கமாட்டோம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வாக்கைக் காப்பாற்றலாம். விஷயம் வேறு. இருபதாண்டுக் குறிப்பேடுகளுக்கு நிகரான ஒரு பதிவேடு, ஒரு கையெழுத்தில் கைமாறும் பொருளாக இருந்திருக்கிறது என்பதுதான் அன்று தெரியவந்தது. ஆர்வலர் ஒருவர் நடத்தும் தளம், எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும், சட்டப்படி அவர் சொத்து. கொடுப்பவர்கள் இதைக் கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

தனிமையுரிமை பற்றிய வாதத்தையும் நான் தள்ளிவிடமாட்டேன். ஒருவர் இந்த நிமிடம் எங்கே இறங்குகிறார் என்பதை உலகுக்குச் சொல்வதில் ஆபத்து உண்டு. அதற்கு எஃப்ஏஏவிடமே ஒரு வழி இருக்கிறது. உரிமையாளருடன் பொதுப் பதிவேட்டில் இணைக்கப்படாத மாற்று 24 பிட் அடையாளத்தைத் தனியார் விமானங்கள் அமெரிக்க எல்லைக்குள் கேட்டுப் பெறலாம். 2024-இல் இயற்றிய சட்டத்தின்படி, தனியார் உரிமையாளர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் பொதுப் பார்வையிலிருந்து விலக்கக் கேட்கவும் இப்போது முடிகிறது. இவற்றில் முதலாவதை ஏற்கலாம், ஏனென்றால் வானலையில் ஒலிப்பது எல்லோருக்கும் ஒலித்துக்கொண்டேயிருக்கும், ஆய்வாளருக்குத் தடமும் கிடைக்கும். இரண்டாவது எனக்குக் கவலை தருகிறது. எஃப்பிஐயின் போலி நிறுவனங்களைக் கண்டுபிடிக்க உதவியது அந்தப் பதிவேட்டில் இருந்த பெயர்களும் முகவரிகளும்தான். ஓர் இளம்பெண்ணைப் பின்தொடரும் வெறியனிடமிருந்து காக்கும் திரை, கைதியை நாடு கடத்தும் விமானத்துக்கும் திரையாகும். காலதாமதமாக வெளியிடுவது பின்தொடர்பவரால் வரும் ஆபத்துக்குப் போதுமான மறுமொழி. முற்றாக மறைப்பது கைதியைக் கடத்தும் விமானத்துக்கே உதவும்.

ஆகவே புதிதாக ஆன்டெனா நடுபவர் எந்தத் தளம் அழகான வரைபடம் தருகிறது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். தன் தரவு எந்த உரிமத்தின்கீழ் சேமிக்கப்படுகிறது, தளம் கைமாறினால் பழைய பதிவுகள் என்னவாகும், தளத்தை நடத்துபவர் அல்லாத இன்னொருவரிடம் முழுப் பிரதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஏடிஎஸ்பி டாட் லோல் தன் தரவைத் திறந்த தரவுத்தள உரிமத்தில் வெளியிடுகிறது, யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஓப்பன்ஸ்கை சங்கமாக இருப்பதால் விற்பதற்கு அதில் உரிமையாளர் இல்லை. ஒரே ரிசீவரிலிருந்து பல வலையமைப்புகளுக்கு ஒரே நேரத்தில் தரவு அனுப்பலாம், அதற்குக் கூடுதல் கருவி எதுவும் வேண்டியதில்லை. வணிகத் தளத்தின் இலவசச் சந்தாவை விரும்புகிறவர்கூட, அதோடு ஒரு திறந்த வலையமைப்புக்கும் சில வரிக் கட்டளைகளில் அனுப்பிவிட முடியும். புதிய ஆன்டெனாக்களுக்கும் இடம் தேர்ந்துகொள்ளலாம். இலண்டனிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ இன்னொன்று வந்தால் பெரிதாக எதுவும் மாறாது. விமான நிலைய ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் இந்திய வீட்டு மாடிகளிலும், தெற்கே கடலைப் பார்த்த குமரிமுனை போன்ற இடங்களிலும் வைக்கும் ஒவ்வொன்றும் இன்று யாருமே கேட்காத செய்திகளைக் கேட்கும்.